மாஸ்டரின் பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் வாங்கிய சுகுணா, முதன்முறையாகக் கணவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரை ஓட்டினாள். “ஸ்கூல் மாஸ்டர் சொன்னது” என்று சொல்லிக் கண்ணாடியைப் பார்த்தாள். “மாஸ்டர் சொன்னது” என்று சொல்லித் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தாள். அந்தப் பெயரைக் கேட்கக் கேட்கத் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. முன்பு அவனே இரண்டு நாள் கற்றுக்கொடுத்து, கத்தி, அவளை அழவைத்தவன்.

குறுக்கே ஒரு மாடு வந்தது. அவன் கால் தரையை ஓங்கி மிதித்தது. கார் அலுங்காமல் நின்றது.

“அங்க பிரேக் இல்லைங்க.”

“உன் மாஸ்டருக்கு மட்டும் இருந்துச்சாக்கும்.”

“இருந்துச்சு, ஸ்கூல் கார்ல அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. முதல் வாரம் மிதிச்சார். அப்புறம் சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.”

மாடு கடந்து போயிற்று. தணிகாசலம் செருப்பைக் கழற்றி, ஒரு காலை மெல்ல மடக்கி சீட்டின் மேல் வைத்தான். இன்னொரு கால் கீழேயே இருந்தது.