பின்னால் கிளம்பியது

“அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா” என்று அண்ணன் சொல்லியிருந்தான். வானியல் ஆய்வாளரான மீனலோசனியின் மனத்தைத் திருப்ப, காரை ஓட்டிக்கொண்டே கணவன் கேட்டான்:

“நட்சத்திரம் சாகும்போது காமா கதிர் எப்படிம்மா வருது?”

“உள்ளேருந்து அலை அலையா பீறிட்டுக் கிளம்பும். முதல் அலை கொஞ்சம் மெதுவா போகும். பின்னால கிளம்பினது வேகமா துரத்தி வந்து அதுமேல மோதும். வெகுதூரம் வந்தப்புறம், அந்த மோதல்லதான் கதிர் பிறக்குது.”

“அதுவரைக்கும்?”

“செத்தது நமக்குத் தெரியாது.”

அவள் கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன் யாருக்கோ அனுப்ப வேண்டியதைத் தவறுதலாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான்: ‘ஐஸ் பெட்டி எப்ப வரும்?’

அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“மோதினப்புறம்?” என்றான் கணவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.