வாய் நிறையப் பிள்ளைகள்

கூடத்தில் இருந்தவர்கள்: கணவனைப் பிரிந்து தனியே இருக்கும் நேசமணி, அவளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போக வந்த அண்ணன் தவசிமுத்து, அவனே அடுக்கி மூடிய அவளுடைய பெட்டி, கண்ணாடித் தொட்டிக்குள் மஞ்சளும் நீலமுமாக ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள்.

ஒரு மஞ்சள் மீனைத் தவசி காட்டினான். "இது ஏன் தாடை வீங்கிக் கெடக்கு? சீக்கு புடிச்சிட்டா?"

"சீக்கு இல்லண்ணே. வாய்க்குள்ள புள்ளைங்க. முட்டைய வாயில வாங்குன நாள்லேருந்து பச்சத் தண்ணியோட கெடக்கா."

"ஒன்னய மாதிரியே கிறுக்கு."

அப்போதுதான் மீன் வாயைத் திறந்தது. குருணை அளவில் குஞ்சுகள் நீரில் சிதறின. அந்தத் தொட்டியில் அதுதான் முதல் ஈற்று. நேசமணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அட, இங்க பாரு!" தவசி மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினான். மிரண்ட மீன்கள் தாறுமாறாக ஓடின. நீல ஆண் ஒன்று குஞ்சுகளைத் தின்னப் பாய்ந்தது. எலும்பும் தோலுமாய் இளைத்திருந்த தாய் குறுக்கே புகுந்து வாயை அகட்டியது. குஞ்சுகள் முண்டியடித்து உள்ளே ஏறின. வாயை மூடிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய நீலத்தின் முகத்துக்கு நேரே அது அசையாமல் நின்றது. நீலம் பின்வாங்கியது.

"பாத்தீங்களா அவள?" நேசமணி நிமிர்ந்து கேட்டாள்.

"பாத்தேன், பாத்தேன். கெளம்பு, பஸ் போயிரும்." அவன் பெட்டியைத் தூக்கினான்.

அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்க போயிட்டு வாங்கண்ணே."

"இந்த மீனுக்காகவா?"

அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். அவன் முணுமுணுத்தபடி படியிறங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.