கிளாஸ் விளிம்பில் உப்பு

"அந்தக் கையால என் பானையைத் தொடாதீங்க!"

சாரா பீவி போட்ட சத்தத்தில், காலையில் கூழ்ப்பானையைத் திறக்கப் போன அப்துல் மாலிக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு, சாரா?"

"என்ன ஆச்சா? கெஸ்ட் ஹவுசுக்கு முட்டை கொடுக்க வந்த பரக்கத் அலி அண்ணன் ஜன்னல் வழியாப் பார்த்திருக்காரு. கிளாஸ் விளிம்புல உப்பைத் தடவுறீங்களாம், எலுமிச்சம்பழம் பிழியறீங்களாம். அந்த மெக்சிகோ துரைக்குச் சாராயம் கலக்கிக் கொடுக்கிறீங்களாமே! ஹராம்னு தெரியாது?"

"துரை சொன்னதைச் செய்யறேன். நம்ம பொழப்பு அது."

"நாளைக்கு அல்லாஹ்கிட்டயும் இதையே சொல்லுங்க."

முந்தின நாள் மாலிக் துணியில் சுற்றிக் கொண்டுவந்த மக்காச்சோள ரொட்டியைக் கொல்லையில் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

கண்டோன்மெண்டில் ஓர் உரக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுசில் மாலிக்குக்குச் சமையல் வேலை. அரிசிக்கு ஊரே க்யூவில் நின்ற வருஷம் அது. மக்காச்சோளம் விளைவிக்கச் சொல்லிக்கொடுக்க மெக்சிகோவிலிருந்து ஒரு நிபுணர் ஒரு வாரத்துக்கு வந்திருந்தார். பகலெல்லாம் தொட்டியம், பச்சைமலை என்று அலைந்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார்.

வந்த அன்றே அவரும் மாலிக்கும் உட்கார்ந்து ஏழு ராத்திரிக்கும் சாப்பாட்டுப் பட்டியல் போட்டார்கள். சுலபமான சமையல்தான். ரேஷன் கடையில் சீண்டுவாரில்லாமல் கிடந்த மக்காச்சோள மாவில் மெல்லிசாக ரொட்டி. உள்ளே வைத்துச் சுருட்ட ஒரு நாள் கறி, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் மசித்த காராமணி. தொட்டுக்கொள்ளத் தக்காளியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தது.

"அட, பாதி நம்ம ஊர்ச் சமையல்தான் துரை!" என்று மாலிக் சிரித்தார்.

பட்டியலைப் பார்த்த மேனேஜர் சின்னையா, ஏழு நாளுக்கும் ஒரே வரியைச் சேர்த்தார். சாப்பாட்டுக்கு முன் டெக்கீலா. ரயில் பாதை ஓரம் வேலிக்கு நிற்கிறதே கற்றாழை, அந்த ஜாதிச் செடியில் மெக்சிகோக்காரர்கள் வடிக்கிற சரக்கு; கிளாஸ் விளிம்பில் உப்பைத் தடவி, எலுமிச்சம்பழத்தோடு குடிப்பார்கள். துரை ஒரு பாட்டில் கொண்டுவந்து, மதுவிலக்குக் காலமாச்சே என்று முறைப்படி பெர்மிட்டும் வாங்கியிருந்தார்.

"சார், அதை மட்டும் நான் தொட மாட்டேனே" என்றார் மாலிக்.

"தொட மாட்டியா? அப்ப கரண்டியையும் தொடாதே. வாசல்ல பத்துப் பேர் இந்த வேலைக்கு நிக்கிறான்."

அன்று சாயங்காலமே ட்ரேயில் இரண்டு கிளாஸ் போயிற்று. ஒன்று துரைக்கு. மற்றது, விருந்தாளிக்குத் துணையாக உட்கார்ந்த சின்னையாவுக்கு.

சின்னையா மதுவிலக்குப் பிரச்சாரக் குழு உறுப்பினரும்கூட. கள்ளுக்கடை மறியலில் மண்டை உடைந்தவர்களுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. கதர் ஜிப்பா வைத்திருந்தவர்களுக்கு இருந்தது.

ஒரு மடக்கு உள்ளே போனதும், "அப்பப்பா, தொண்டையைப் பொசுக்குதே! இதுதான்யா சரக்கு!" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்தில், "வாரத்தில் இந்த ஒரு ராத்திரி நாட்டுக்காகப் பட்டினி இருங்கள்" என்று பேசினார். அதைக் கேள்விப்பட்ட துரை அன்று தனக்கு ரொட்டி வேண்டாம் என்றுவிட்டார். சின்னையா மூன்று கிளாஸ் குடித்தார்.

"சாப்பிடத்தானே கூடாது? இது சாப்பாடா, மாலிக்கு?"

பிறகு துரையின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். நடை தள்ளாடியது. தோட்டக்காரர் வீரமலைதான் தாங்கிப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

துரை ஊருக்குப் புறப்படுகிற காலை. பாலக்கரை வீட்டிலிருந்து நடந்தே வந்த சாரா பீவி, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சின்னையா முன்னால் நின்றாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரரை வேலையிலேருந்து நிறுத்திடுங்க. கூழைக் குடிச்சாலும் ஹலாலாக் குடிச்சுக்கறோம்."

"சாரா, வீட்டுக்குப் போ" என்று மாலிக் கெஞ்சினார்.

சின்னையா ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டார். "நியாயம்தாம்மா. ஊத்திக் கொடுக்கிற கையைத்தான் முதல்ல ஒடிக்கணும். எங்க குழுவுல நான் அதைத்தான் சொல்லிட்டு வரேன்."

அப்போது மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் விக்டர் வந்தார். பெர்மிட்காரர் ஊரை விட்டுப் போகுமுன் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். துரை பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னது! சீல்கூட உடைக்கலையே!"

சின்னையாவின் வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. பெர்மிட் இல்லாத மனிதர் இன்ஸ்பெக்டர் முன்னால் என்னவென்று கேட்பார்?

வீரமலை தலையைச் சொறிந்தார். "அப்ப திங்கக்கிழமை நம்ம அய்யா எதைக் குடிச்சுட்டு..."

"காருக்குத் தண்ணி ஊத்தியாச்சா பாருய்யா, போ!" என்று அலறினார் சின்னையா.

"ஏன் குடிக்கவே இல்லை?" என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் இங்கிலீஷில் கேட்டார். துரை மாலிக்கைக் காட்டி ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் சாரா பீவி பக்கம் திரும்பினார்.

"முதல் நாள் துரை பாட்டிலை நீட்டினப்ப உங்க வீட்டுக்காரர் கையைப் பின்னால இழுத்துக்கிட்டாராம்மா. 'எனக்குத் தண்ணியில எலுமிச்சம்பழமும் உப்பும் போதும். காரத்துக்குப் பச்சை மிளகாயை நசுக்கிப் போடு. யார்கிட்டயும் சொல்லாதே, உன் வேலை போயிடும்'னு துரை சொன்னாராம்."

சாரா பீவி மாலிக்கின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியானம் சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். "இன்னைக்கு நம்ம வீட்டுலயும் அந்த ரொட்டிதான். நீங்களே சுடுங்க."