வெள்ளை மணி

"சிஸ்ரர், ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலை என்னாலை கதைக்கேலாது. கோவிக்காதையுங்கோ."

மேர்சி இப்படிச் சொன்னதும், வாய்க்குக் கொண்டுபோன தேநீரை சிஸ்ரர் பெர்னடெட் அப்படியே மேசையில் வைத்தார்.

குருநகர்ப் பங்கில் கலியாணம் பேசி முடித்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் கன்னியாஸ்திரி அவர். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடக் குளிசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், திருச்சபை ஏற்கும் இயற்கை முறையே போதும் என்று அவர் சொன்னால், பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அடக்கத்தான் மேர்சியை வந்து பேசும்படி கேட்டிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு நாலு வருடமாக, சிஸ்ரர் கொடுத்த மணிமாலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவள். இதைவிட நல்ல சாட்சிக்கு அவர் எங்கே போவார்?

"ஏன், கூச்சமா இருக்கோ?"

"கூச்சமில்லை சிஸ்ரர். நான் வாய் திறக்க முதல் வயிறு சாட்சி சொல்லிப்போடும்."

சிஸ்ரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மேர்சியைப் பார்த்தார். பிறகு வீட்டு மூலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் எமில்ராஜைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள் சிஸ்ரர்? வெள்ளை மணி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போற ஆள் நான். வேணுமெண்டால் நுளம்பைக் கேட்டுப் பாருங்கோ."

அந்த மாலையின் சட்டம் அவ்வளவுதான். காலையில் எழும்பியதும் அதிலுள்ள கறுப்பு வளையத்தை ஒரு மணி தள்ளவேண்டும். வளையம் மண்ணிற மணியில் நின்றால் பயமில்லை. வெள்ளை மணியில் நின்றால் பிள்ளை தங்கக்கூடிய நாள், எமில்ராஜுக்கு விறாந்தை.

"வளையத்தைத் தள்ள மறந்திருப்பீர் மேர்சி."

"ஒரு நாளும் மறக்கேல்லை சிஸ்ரர். பல்லுத் தீட்ட முதல் எனக்கு அதுதான் வேலை."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தை பிறந்ததும் தையல் கடை திறக்க இருந்தாள். கடைக்கு இடம் பிடித்து, பெயர்ப்பலகையும் எழுதியாயிற்று. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதக்கணக்கில் சத்தி எடுத்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அவள். இந்த முறையும் அப்படியென்றால் கடையாவது, மெசினாவது?

"கோப்பாயிலை இருக்கிற என்ரை சிநேகிதி றஜனி, கலைக்க ஒரு வழியிருக்கு எண்டு சொன்னவள்."

சிஸ்ரரின் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது. "நீர் என்ன சொன்னனீர்?"

"போனை வைச்சிட்டன். வந்தது என்ரை பிள்ளை, சிஸ்ரர். அதிலை எனக்கு ரெண்டாம் பேச்சில்லை. ஆனா இது பிறந்த பிறகு நான் ஊசி போடப்போறன்."

"அதைத் திருச்சபை ஏற்காது எண்டு உமக்குத் தெரியும்."

"திருச்சபை ஏற்கிறதைத்தானே நாலு வருசமாச் செய்தனான்? ஒண்டில் உங்கடை மாலை பொய், இல்லாட்டி நான் பொய். எது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அசராத சிஸ்ரர், ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"மாமிக்குச் சொல்லியாச்சோ?"

"இல்லை. சொன்னால் அவவுக்குச் சந்தோசத்திலை தலைகால் தெரியாது. நான் கடையைப் பற்றிக் கதைச்சாலே எழும்பிப்போய் மாதாவுக்கு முன்னாலை முழந்தாளிடுவா. இன்னொரு பேரப்பிள்ளையைத்தான் கேட்கிறா எண்டு எனக்கு விளங்காதே?"

எமில்ராஜின் தாய் லூர்த்தம்மா கோயிலுக்குப் போயிருந்தபடியால்தான் இவ்வளவும் வாய்விட்டுப் பேச முடிந்தது.

"சரி, மாலையைக் கொண்டாரும். மணி ஏதும் கழண்டு போச்சோ பாப்பம்," என்றார் சிஸ்ரர்.

எமில்ராஜ் அறைக்குள் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "கதவுக்குப் பின்னாலை ஆணியிலை காணேல்லை மேர்சி."

"நான் தொட்டே ரெண்டு கிழமையாகுது. இனி எனக்கு என்னத்துக்கு அது?"

அப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டது. முக்காட்டைச் சரிசெய்தபடி லூர்த்தம்மா உள்ளே வந்தார். அவர் கையில், வெள்ளையும் மண்ணிறமுமாக, அந்த மாலை தொங்கியது.

மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்? ஒக்ரோபர், செபமாலை மாதத்திலை என்ரை செபமாலை அறுந்துபோச்சு. அண்டையிலையிருந்து மேர்சியின்ரை மாலையிலைதான் செபம் சொல்லுறன். இவள் குசினியிலை நிக்கேக்கை எடுத்து, சொல்லி முடிச்சுத் திருப்பிக் கொழுவிவிடுவன்." லூர்த்தம்மா மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வடிவான மாலை, சிஸ்ரர். சிலுவை இல்லாததுதான் குறை. ஆனா இந்தக் கறுப்பு வளையம் நல்ல வசதி. ஒவ்வொரு 'அருள்நிறைந்த மரியே' செபத்துக்கும் ஒரு மணி தள்ளினால் எண்ணிக்கை பிசகாது."

"தள்ளிப்போட்டு?" சிஸ்ரரின் குரல் கீச்சிட்டது.

"பழையபடி இருந்த இடத்துக்கே கொண்டந்து விட்டிடுவன். என்ரை கண்ணுக்கு எல்லா மணியும் ஒரே நிறம்தான், எண்டாலும் கிட்டத்தட்ட அந்த இடம்தான்."

எமில்ராஜ் வலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மேர்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அப்பிடி என்னதான் மன்றாட்டு மாமி? இன்னொரு பேரப்பிள்ளை வேணுமெண்டோ?"

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றார் லூர்த்தம்மா. "நீ ஆசைப்பட்ட கடையைத் திறக்குமட்டும் வயித்திலை ஒண்டும் தங்கிவிடக்கூடாது தாயே எண்டுதான், நாள் தவறாமல் இந்த மாலையை உருட்டுறன்!"