நகம் தடுக்கும் இடம்

விரிசல் என்றால் காட்டலாம்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், விரலை அதன்மேல் வைத்து, தடவிப் பாருங்கள் எனலாம். நகம் தடுக்கும். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

இதை எப்படிக் காட்டுவது?

தொழிற்சாலை வாசலில் புது வண்டி பந்தலுக்குக் கீழே நின்றது. நெற்றியில் சந்தனம், குங்குமம். முகப்பில் சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். பின்னால் இன்னும் இருபத்தொன்பது வண்டிகள் லாரியேறக் காத்திருந்தன.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். இன்று கிளம்பினால்தான் நாளை ஷோரூமில் நிற்கும். முப்பது குடும்பங்கள் வந்து சாவி வாங்கிக்கொள்ளும்.

நல்ல நேரம் பத்தேகால் வரை. குருக்கள் இரண்டாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“பாஸ்வேர்ட மாத்திட்டேன் மேடம். இப்பவாவது போடுங்க” என்றான் லாரிகளை அனுப்பும் பிரிவின் மேலாளர் சத்தியகீர்த்தி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். சிரித்ததுதான் பிறகு எரிந்தது.

முந்தாநாள், தொழிற்சாலையின் சோதனைத் தடத்தில் இதே ரக வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் குழுவைச் சேர்ந்த ரிஸ்வானா கேன்டீனில் டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, மடிக்கணினியில் இரண்டு வரி அடித்தாள். அவ்வளவுதான். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்கவில்லை. மணல் மேட்டில் ஏறித்தான் நின்றது.

இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. மிதிச்சேன் மேடம், மிதிச்சேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை என்று அவள் எத்தனை முறை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

அது அவள் செய்த பிரேக்.

பன்னிரண்டு வருடம் அவள் பிரேக் பிரிவில் இருந்தாள். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கணினி வந்து உட்கார்ந்தது. கால் மிதிப்பது இனி ஒரு செய்தி, அதை எங்கிருந்தோ ஒருவன் வழிமறிக்கலாம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு பழைய மேஜையில் உட்கார முடியவில்லை. நாற்பது வயதில், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினாள்.

இன்று சைபர் பாதுகாப்புக்குத் தலைவர். கண்ணாடி அறை. கதவில் பெயர்.

கதவுக்கு வெளியே, எப்போது பார்த்தாலும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பாஸ்வேர்ட் அக்கா.

மேலிடத்துக்குப் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மணல் மேட்டில் ஏறிய காணொளியையும் போட்டுக் காட்டினாள். பார்த்தார்கள். நம்ம ரிஸ்வானா மாதிரி கெட்டிக்காரி வெளியே எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்றார்கள். சரிசெய்ய மூன்று வாரம் கேட்டாள். காலண்டரிலிருந்து ஆடி மாதத்தையே எடுத்துவிடச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

ஆலைத் தலைவர் ஞானசேகரன் டேப்லெட்டை அவளிடம் நீட்டினார். திரையில் ஒரே ஒரு வரி.

குறையை அறிந்தே ஏற்கிறேன்.

அதற்குக் கீழே விரலால் கையெழுத்திடக் காலியிடம்.

பிரேக் பிரிவில் அப்போது அவர்தான் அவளுக்கு மேலதிகாரி. ஒரு நாள் அவள் பிரேக் வட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாள். மயிரிழை அளவு விரிசல். அவர் கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே ஓட்டினார். தடுத்தது. நானூறு வண்டி. ஒரு கேள்வி கேட்காமல் நிறுத்தினார். அந்தச் சாயங்காலம் மொத்தப் பிரிவுக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீ பிரேக்ல இருந்தவம்மா. அங்க இருந்தப்ப நீ இப்படி இல்லையே.”

இப்படித்தான் இருந்தாள். இம்மி மாறாமல் இப்படியேதான்.

அன்று அவர் நம்பியது அவளை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். நகத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

டேப்லெட்டை வாங்கினாள். யாரோ கைதட்டத் தொடங்கி, இன்னும் போடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள்.

அந்த ஒற்றை வரியின் குறுக்கே நகத்தை ஓட்டினாள்.

வழுக்கிக்கொண்டு போனது.

டேப்லெட்டைக் கவிழ்த்து அவர் கையில் திருப்பி வைத்தாள். புடவைக்கு மேலே போட்டிருந்த கம்பெனிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியின் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தாள்.

எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். குங்குமம் விரலில் ஒட்டியது. பழத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

எழுந்து சுற்றி வந்து, அடுத்த சக்கரம். இரண்டாவது.

“மேடம், மேடம்” என்றபடி சத்தியகீர்த்தி இரண்டடி முன்னால் வந்தான். குருக்கள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

மூன்றாவது.

கடைசிச் சக்கரத்துக்கு அவள் போவதற்குள் ஞானசேகரன் அங்கே வந்து நின்றுவிட்டார். பழத்துக்கும் அவள் கைக்கும் நடுவில் அவருடைய கறுப்பு ஷூ.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.

குந்தியபடியே இருந்தாள்.

அவளுக்கு நேரம் இருந்தது.