தலைமாட்டில் மீன்

எறும்புகள் தொட்டிலின் கால்வரை வந்தன.

நின்றன. சுற்றிக்கொண்டு போயின.

அவள் தரையில் குந்தியிருந்து பார்த்தாள்.

காலையில் மாமியார் குழந்தைக்குச் சீனித்தண்ணீர் தொட்டு வைத்தபோது கிண்ணம் சரிந்துவிட்டது. தரையில் கொஞ்சம் சிந்தியது. தொட்டிலின் சட்டத்தில் கொஞ்சம்.

தரையில் சிந்திய இடம் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது.

சட்டத்தில் சிந்தியது அப்படியே காய்ந்து மினுங்கியது.

அனல் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்தே தூக்கம்தான்.

தொட்டில் அவள் கணவன் செய்தது. அவனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது, செய்யக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். அதனால் நாகர்கோவிலில் அவள் தாய்வீட்டிலிருந்து சேதி வந்த பிறகுதான் மரம் எடுக்கப் போனான். துறைமுகத்துக்குப் பின்னால், கப்பலில் வந்த காலிப் பெட்டிகளை உடைத்து விற்கும் கடைக்கு.

முந்தாநாள் அவள் குழந்தையோடு வந்து இறங்கியதும் முதலில் காட்டியது அதைத்தான்.

"மீன் பெட்டி. படமே போட்டிருக்கு பாரு."

பலகைகளில் இருந்த எழுத்துகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தான். மீனை மட்டும் விட்டுவைத்திருந்தான். அதற்கு மட்டும் நீல பெயிண்ட் பூசி, அந்தப் பலகையைத் தலைமாட்டில் அடித்திருந்தான்.

"பிள்ள கண்ணு முழிச்சா மொதல்ல மீனைப் பாக்கணும்லா."

மீன் வாடை போவதற்காக மாமியார் பலகைகளைப் புளி கரைத்துக் கழுவினாளாம்.

"கழுவுறதுக்கு முன்னாலயே வாடை இல்ல பாத்துக்கோ. நல்ல சுத்தமான பெட்டி."

பக்கத்து வீட்டு கிளாடிஸக்கா விடவில்லை.

"மீன் பெட்டியில மீன் வாடை இல்லையா? ஒம் மவன் ஏமாந்து மிச்சர் பெட்டிய வாங்கியாந்திருப்பான்."

"போடி அங்கிட்டு. பொறாமை."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

தாய்வீட்டில் இருந்தவரை ஓயாமல் அழுத குழந்தை. தெருமுனைவரை கேட்கும். இங்கே தொட்டிலில் போட்டதும் அடங்கிவிட்டாள். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது.

"அப்பன் செஞ்ச தொட்டில்லா. அதான் சத்தமே இல்ல," என்றாள் மாமியார்.

அவளுக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு நேற்று அவள் முழுதாகத் தூங்கினாள்.

தரையிலும் அதே சீனி. சட்டத்திலும் அதே சீனி.

வேறு எதுவும் மாறவில்லை. மரம் மட்டும்.

வரிசையிலிருந்து ஓர் எறும்பை விரல் நுனியில் ஏற்றினாள். சட்டத்தில் விட்டாள்.

ஓடியது. திரும்பியது. ஒரே இடத்தில் சுற்றியது.

கால்களை மடக்கிக்கொண்டது.

அவள் குனிந்தாள். தொட்டிலுக்கு அடியில் பார்ப்பதற்காகத் தலையைத் தரைவரை தாழ்த்தினாள். தொட்டில் கால்களுக்கு இடையே தலைமாட்டுப் பலகை தெரிந்தது.

தலைகீழாக.

மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது.

அதன் பக்கத்தில் மெல்லிய கோடுகள். உப்புத்தாள் முழுதாக எடுக்காத கோடுகள். ஒரு தண்டு. கிளைகள். இலையே இல்லை.

அந்தப் படம் அவளுக்குத் தெரியும்.

அவள் படித்த கல்லூரி ஆய்வகத்தில் ஓர் அலமாரி எப்போதும் பூட்டியே இருக்கும். அதிலிருந்த புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த படம். பட்ட மரம். அதனருகே செத்த மீன். கையுறை போடாமல் அந்த அலமாரியைப் பேராசிரியை திறந்ததில்லை.

பெட்டிக்குள் மீன் இருந்ததில்லை.

மீன் நீந்துவதுபோல் தெரியட்டும் என்று அவன் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடித்திருக்கிறான்.

அவள் எழுந்தாள்.

குழந்தையைத் தூக்கினாள். தலை அவள் தோளில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். கொடியில் துணிகள் அடித்துக்கொண்டிருந்தன. கடலிலிருந்து காற்று வந்தது. அதற்கு எதிரே குழந்தையின் முகத்தைப் பிடித்தாள்.

மூச்சு இருந்தது. காதை வைத்தால்தான் தெரிந்தது.

பிறந்தபோதும் இவள் அழவில்லை. நர்ஸ் கால்களைப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலில் சுண்டினாள். ஒரே சுண்டு. அந்த அறை அதிர்ந்தது.

அவள் துவைகல்லில் உட்கார்ந்தாள். குழந்தையின் உள்ளங்காலில் சுண்டினாள்.

பாதம் சிவந்தது.

மறுபடியும்.

வீட்டுக்கு முன்புறம் ரம்பத்தின் சத்தம். மிச்சப் பலகைகளில் அவன் தன் அம்மாவுக்கு ஒரு முக்காலி செய்துகொண்டிருந்தான்.

"என்ன, கதவு சத்தம் கேட்டுச்சு?" அறுத்துக்கொண்டே கேட்டான். "எந்திச்சிட்டாளா?"

அந்த வீட்டில் அவள் குரல் இதுவரை வாசலைத் தாண்டியதில்லை.

"இல்ல!"

கிளாடிஸக்கா வீட்டு ஜன்னல் திறந்தது.

"பிள்ள அழ மாட்டேங்கிறா! ஆட்டோ கூப்பிடுங்க!"

ரம்பம் நின்றது.

அவள் மறுபடியும் சுண்டினாள்.