கக்கூஸ் சாவி

"குடலே தெரியலம்மா, மலம்தான் தெரியுது. பேதி மருந்து குடிச்சாங்களா, இல்லையா?" என்று ஸ்கேன் எடுத்தவர் கேட்டதும் வேம்பு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தாத்தாவையும் மாமாவையும் கொண்டுபோன குடல் புற்று அம்மாவுக்கும் இருக்கிறதா என்று பார்க்க, மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய தேதி அது. அம்மா பேச்சியம்மாள் முந்தானையைத் திருகினாள். "சாக்கடையில ஊத்திட்டேன்ட்டி. பத்து தடவ போகணும்னாவ. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரம்மாட்ட சாவி கேட்டு நிக்கணுமே. மூஞ்சியச் சுளிப்பா."

"அவ சுளிப்பான்னு நீ சாவியா?"

"மெதுவாப் பேசு, ஆளுக பாக்காவ."

குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வேம்பு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்புறம் போனாள். எல்லா வீட்டுக்கும் பொதுவான அந்த ஒற்றைக் கக்கூஸின் பூட்டை ஓங்கி ஓங்கி அடித்தாள். பூட்டு தெறித்து விழுந்தது. "எவட்டி அது?" என்று வீட்டுக்காரம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேம்பு கதவை அகலத் திறந்து பிடித்தாள். "போம்மா. யாரையும் கேக்காம ஒரே ஒரு தடவ போ."

பேச்சியம்மாள் திறந்த கதவுக்கு முன்னால் நின்றாள். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "யம்மா, போகட்டுமா?"